முதல் விமானம் மெதுவாகப் பறக்கட்டும்

"அக்கா, முதல் ஆர்.சி. விமானம் எது வாங்கலாம்?" டிசம்பர் விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடும். கூடவே ஒரு படமும் வரும். இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்டாங் போல ஒன்று, இல்லையென்றால் ஒரு ஜெட். பெட்டியைத் திறந்ததும் பறக்கத் தயார் என்று அதில் எழுதியிருக்கும்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். அதை வாங்காதீர்கள். மெதுவாகப் பறக்கிற ஒன்றை நீங்களே செய்யுங்கள்.

இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கும். மெதுவானது என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு, சொந்தமாகச் செய்தது என்றால் காசில்லாதவர்களுக்கு என்று நம் மனதில் எங்கேயோ பதிந்திருக்கிறது. அது இரண்டுமே தவறு என்பதுதான் இந்தப் பதிவு. நான் எடிசனில் வளர்ந்தவள், டெக்சாஸில் படித்தவள், இப்போது சன்னிவேலில் இருக்கிறேன். மூன்று இடத்திலும் பறக்க விட்டிருக்கிறேன். சில வார இறுதிகளில் நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விமானம் செய்யச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக?

கொஞ்சம் கணக்கு போடலாம். பயப்பட வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும்.

விமானம் காற்றில் நிற்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவதை விட்டுவிடும். அதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். அந்த வேகம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இறக்கைச் சுமை. அதாவது, விமானத்தின் மொத்த எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் வருகிற எண்.

ஒரு மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் உள்ள இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 2,000 சதுர சென்டிமீட்டர். விமானத்தின் எடை 350 கிராம் என்றால், ஒவ்வொரு 100 சதுர சென்டிமீட்டர் இறக்கையும் 17.5 கிராமைத் தூக்குகிறது. இப்படிப்பட்ட விமானம் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகம் வரை கீழே விழாமல் பறக்கும். சைக்கிளை நிதானமாக மிதிக்கிற வேகம் அது.

அந்தப் போர் விமானப் படத்துக்கு வருவோம். 1,200 கிராம் எடை, 2,200 சதுர சென்டிமீட்டர் இறக்கை என்று வைத்துக்கொண்டால் சுமை 54 கிராமுக்கு மேல். ஸ்டால் வேகம் ஒன்றே முக்கால் மடங்கு. இரண்டும் அந்த வேகத்தில் தரையில் மோதினால், கனமான விமானத்தின் மோதல் ஆற்றல் பத்து மடங்குக்கும் மேல். எடை மூன்றரை மடங்கு. வேகத்தை அதே வேகத்தால் பெருக்க வேண்டும், அது மூன்று மடங்கு. அதனால்தான் ஒன்று புல்லில் குட்டிக்கரணம் போட்டுவிட்டு மறுபடி பறக்கிறது, இன்னொன்று குப்பைப் பையில் வீட்டுக்கு வருகிறது.

உடைவதைவிட முக்கியமான விஷயம் நேரம். 100 மீட்டர் நீள சாக்கர் மைதானத்தை, மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிற விமானம் கடக்க 14 வினாடி ஆகும். 60 கிலோமீட்டரில் போவது 6 வினாடியில் மைதானத்தை விட்டே போய்விடும். புதிதாகக் கற்பவருக்கு மூன்று வேலை இருக்கிறது: விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது, என்ன செய்யலாம் என்று யோசிப்பது, விரலை அசைப்பது. 14 வினாடி இருந்தால் இதைப் பல முறை செய்யலாம். 6 வினாடியில் ஒரு முறை, அதுவும் அவசரமாக.

மெதுவான விமானம் குழந்தைத்தனமானது இல்லை. யோசிக்க நேரம் தருகிற விமானம் அது. கற்றுக்கொள்ள வேறு என்ன வேண்டும்?

ஒரு குச்சி, ஒரு இறக்கை

மின்சார மாதிரி விமானம் நேற்று வந்ததில்லை. ஃப்ரெட் மிலிட்கி வடிவமைத்த சிலென்டியஸ் என்ற சிறிய மின்சார விமானத்தை ஜெர்மனியின் கிராப்னர் நிறுவனம் 1960இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1974 நவம்பரில் ராபர்ட் பௌச்சரின் குழு கலிஃபோர்னியாவில் ஒரு வறண்ட ஏரிப் படுகையிலிருந்து, சூரிய ஒளியில் மட்டுமே ஓடும் சன்ரைஸ் என்ற ஆளில்லா விமானத்தைப் பறக்க விட்டது. ஆனால் பல ஆண்டுகள் பேட்டரிகள் கனமாகவே இருந்தன. லித்தியம் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் மலிவான பிறகுதான் சாதாரண வீட்டுப் பிள்ளை கையில் மின்சார விமானம் வந்தது.

அந்தக் காலத்தில் பிரபலமான ஒன்று, தைவானின் ஜி.டபிள்யூ.எஸ். நிறுவனம் கொண்டு வந்த ஸ்லோ ஸ்டிக். பெயரே சொல்கிறது: மெதுவான குச்சி. உடல் என்று எதுவும் கிடையாது. ஒரு சதுர அலுமினியக் குழாய், அதன் மேல் வளைந்த நுரை இறக்கை, பின்னால் வால், முன்னால் மோட்டார். இறக்கை கிட்டத்தட்ட 1.18 மீட்டர், எடை 400 கிராமுக்குச் சற்று மேல். இறக்கைச் சுமை 100 சதுர சென்டிமீட்டருக்கு 13 கிராம் அளவில். பார்க்க விமானம் மாதிரியே இருக்காது, துணி காயப் போடும் கொடி மாதிரி இருக்கும். ஆனால் ஏராளமானவர்கள் அதில்தான் பறக்கக் கற்றார்கள்.

அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் லேசாக இருக்க வேண்டும், உடைந்தால் எங்கே உடைந்தது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

"ரெடியா கிடைக்கும்போது எதுக்கு செய்யணும்?"

நியாயமான கேள்வி. இன்று கிடைக்கிற தயார் நிலை விமானங்கள் பலவற்றில் கைரோ இருக்கிறது. நீங்கள் விரலை எடுத்தால் அதுவே நேராகிவிடும். பெட்டியில் ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாம் இருக்கும். மதியம் வாங்கினால் மாலையில் பறக்கலாம். வீட்டில் கத்தி, ஹாட் க்ளூ எதுவும் வேண்டாம். நேரமே இல்லாத குடும்பத்துக்கு அது நல்ல வழி என்று ஒப்புக்கொள்கிறேன். எதுவும் செய்யாமல் இருப்பதைவிட அது மேல்.

ஆனால் முதல் முறை இறக்கை உடையும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். வாங்கின பிள்ளை உதிரி பாகத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கும். பாகம் வருவதற்குள் பள்ளி திறந்துவிடும். விமானம் கராஜில் சைக்கிளுக்குப் பின்னால் போய்விடும். செய்த பிள்ளை அங்கேயே புல்லில் உட்கார்ந்து டேப் ஒட்டும். பத்து நிமிடத்தில் மறுபடி மேலே போகும். ஏனென்றால் அந்த இறக்கைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

காசுக் கணக்கும் சொல்கிறேன். ரிமோட்டும் ரிசீவரும் சுமார் 50 முதல் 70 டாலர். மோட்டாரும் அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் 30 டாலருக்குள். இரண்டு சின்ன சர்வோ 10 டாலருக்குள். இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர் 50 டாலர் அளவில். மொத்தம் 150 டாலர் பக்கம் வரும். தயார் நிலை விமானமும் ஏறத்தாழ அவ்வளவுதான், சில சமயம் அதிகம். அப்படியென்றால் லாபம் எங்கே? இரண்டாவது விமானத்தில். மேலே சொன்ன எதுவும் விமானத்தோடு சாவதில்லை. கழற்றி அடுத்ததில் மாட்டலாம். நுரை அட்டை, பசை, குச்சி எல்லாம் சேர்ந்து 10 டாலருக்குள் அடங்கும். பத்து டாலர் விமானத்தை உடைக்க யாரும் பயப்பட மாட்டார்கள். 200 டாலர் பரிசை உடைக்க எல்லோரும் பயப்படுவார்கள், அதிலும் வாங்கிக் கொடுத்த அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தால்.

என்ன செய்வது, எப்படிச் செய்வது

டாலர் ட்ரீ கடையில் கிடைக்கும் வெள்ளை ஃபோம் போர்டுதான் நான் பயன்படுத்துவது. 20 அங்குலம், 30 அங்குலம், இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டியது. ஒரு அட்டை சுமார் 115 கிராம். ஆர்ட் கடைகளில் கிடைப்பது வழவழப்பாக இருக்கும், ஆனால் அதிக கனம். கனம் நமக்கு எதிரி.

இறக்கைக்கு 50 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு. அவற்றின் மேல் முன் பாதியில் இன்னொரு 10 சென்டிமீட்டர் பட்டை ஒட்டுங்கள். இறக்கையின் மேல்புறத்தில் ஒரு படி மாதிரி இருக்கும். இதற்கு க்ளைன்-ஃபோகல்மன் என்று பெயர். ரிச்சர்ட் க்ளைன் ஒரு காகித விமானத்தில் கண்டுபிடித்த யோசனை அது. ஃப்ளாய்ட் ஃபோகல்மனோடு சேர்ந்து 1970களில் காப்புரிமை பெற்றார். பெரிய விமானங்களுக்கு அது உதவவில்லை. நமக்கு உதவும்: வளைக்க வேண்டாம், இறக்கையும் விறைப்பாகிவிடும்.

இரண்டு பாதியையும் நடுவில் சேர்க்கும்போது தட்டையாகச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு நுனியும் நடுப்பகுதியைவிட சுமார் 7 சென்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும். முன்னாலிருந்து பார்த்தால் அகன்ற வி எழுத்து மாதிரி தெரியும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால், இந்த வடிவமே அதை மெல்ல நிமிர்த்தும். கைரோ செய்கிற வேலையில் ஒரு பங்கை அட்டையே செய்துவிடுகிறது, பேட்டரி இல்லாமல். நடு இணைப்பில் ஹாட் க்ளூ, அடியில் பார்பெக்யூ மூங்கில் குச்சி இரண்டு, மேலே நார் டேப்.

இந்த வடிவம் இருப்பதால் மூன்று சானல் போதும்: மோட்டார் வேகம், மேலும் கீழும் ஆட்ட எலிவேட்டர், திருப்ப ரட்டர். இறக்கையில் சர்வோவே வேண்டாம். வாலில் கீல் செய்ய, அட்டையின் ஒரு பக்கக் காகிதத்தையும் நுரையையும் மட்டும் அறுத்து, மறுபக்கக் காகிதத்தை விட்டுவிடுங்கள். அந்தக் காகிதமே கீல். ரட்டர் இரண்டு பக்கமும் 2 சென்டிமீட்டர், எலிவேட்டர் 1 சென்டிமீட்டர் அசைந்தால் போதும். அதிகம் அசைந்தால் அதிகம் பதறும்.

உடலுக்கு 80 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சதுரப் பெட்டி. இறக்கையை அதில் ஒட்டவே ஒட்டாதீர்கள். உடலில் குறுக்காக இரண்டு குச்சி செருகி, ரப்பர் பேண்டால் கட்டுங்கள். மோதினால் இறக்கை நழுவிக் கழன்றுவிடும், உடையாது. புரொப்பெல்லரையும் அப்படியே ஒரு ரப்பர் வளையத்தில் மாட்டலாம். ஒரு எச்சரிக்கை: இந்தியக் கடையில் கொத்தமல்லிக் கட்டோடு வருகிற ரப்பர் பேண்ட் இதற்கு ஆகாது. ஸ்டேப்பிள்ஸில் அகலமானது வாங்குங்கள்.

மோட்டார் 50 கிராம் அளவில், ஒரு வோல்ட்டுக்கு 1,000 முதல் 1,400 சுற்று. இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, 850 அல்லது 1,000 மில்லி ஆம்பியர் மணி. 7.4 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுத்தால் சுமார் 50 வாட் கிடைக்கும். 350 கிராம் விமானம் ஏறுவதற்கு அது தாராளம். ஏறிய பிறகு பாதி விசையில் சுற்றினால் 10 நிமிடத்துக்கு மேல் பறக்கலாம். எல்லாம் சேர்த்து எடை போட்டால் 350 கிராம் பக்கம் நிற்கும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. ஆள் இல்லாதபோது சார்ஜ் போடாதீர்கள். படுக்கை மேல், கார்ப்பெட் மேல் போடாதீர்கள். 1,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 1 ஆம்பியர் சார்ஜ் போதும். பறக்காத நாட்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தாமல், பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் ரிமோட் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். அது சுற்றும் கத்தி.

அப்பாவிடம் சூத்திரம் கேளுங்கள்

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

மைதானத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டிய மிக முக்கியமான சோதனை, எடை மையம். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், அதாவது நம் விமானத்தில் 5 முதல் 6.5 சென்டிமீட்டரில், இரண்டு விரலால் தாங்கிப் பிடியுங்கள். விமானம் நேராக நிற்க வேண்டும். மூக்கு கனமாக இருந்தால் சோம்பலாகப் பறக்கும், சமாளிக்கலாம். வால் கனமாக இருந்தால் கையை விட்டதும் தலையைத் தூக்கி, நின்று, விழுந்துவிடும். பேட்டரியை முன்னே பின்னே நகர்த்திச் சரி செய்யுங்கள்.

இதைச் சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் அப்பாக்கள், மாமாக்கள் முகத்தைக் கவனித்திருக்கிறேன். அவர்களில் பலர் ஊரில் மொட்டை மாடியில் பட்டம் விட்டவர்கள். பட்டத்துக்குச் சூத்திரம் கட்டுவது என்றால் என்ன என்று கேளுங்கள். குச்சிகள் சேரும் இடத்தில் நூலை எங்கே முடிவது, மேல் நூல் எவ்வளவு, கீழ் நூல் எவ்வளவு, தலை குத்தினால் எதைக் குறைப்பது, சுற்றினால் எந்தப் பக்கம் வால் சேர்ப்பது என்று கையாலேயே காட்டுவார்கள். நாம் இங்கே ஏரோடைனமிக்ஸ் என்கிறோம். அவர்கள் பத்து வயதில் பழைய நியூஸ்பேப்பரும் ஈர்க்குச்சியும் வைத்து அதையே செய்தார்கள்.

நம் வீடுகளில் பெரியவர்களோடு பேச ஏதாவது வேண்டும் என்று நிறைய பேர் எனக்கு எழுதுகிறீர்கள். ஹோம்வொர்க், மார்க், சாப்பிட்டியா இதைத் தாண்டி என்ன பேசுவது என்று கேட்கிறீர்கள். அட்டையும் பசையும் மேஜையில் பரப்பி வையுங்கள். "இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். உங்கள் தமிழ் எவ்வளவு தடுமாறினாலும் அந்த மேஜையில் பேச்சு ஓடும். வாங்கின விமானத்தில் இது நடக்காது. அதில் அப்பாவுக்கு வேலையே இல்லை.

எங்கே விடலாம்?

வானம் எல்லோருக்கும் சொந்தம் என்று பாட்டில் வரலாம். அமெரிக்காவில் அதற்கு எஃப்.ஏ.ஏ. என்று ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். விதிகள் கஷ்டமானவை இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

பொழுதுபோக்குக்காகப் பறக்க விடும் எல்லோரும் ட்ரஸ்ட் என்ற இணையத் தேர்வை முடிக்க வேண்டும். இலவசம், ஒரு மாலைப் பொழுதில் முடியும். விமானம் 250 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் பதிவு செய்ய வேண்டும்: 5 டாலர், 3 ஆண்டுக்கு. பதிவு செய்பவருக்கு 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழ் என்றால் வீட்டில் பெரியவர் செய்யலாம். கண் பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும். கட்டுப்பாடு இல்லாத வான்பகுதியில் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்பகுதியில் முன் அனுமதி வேண்டும். பதிவு தேவைப்படும் எடை என்றால் ரிமோட் ஐடி என்ற அடையாள ஒளிபரப்பும் வேண்டும். அதற்காக எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மைதானங்களில் மட்டும் அது தேவையில்லை.

நம் 350 கிராம் விமானத்துக்குப் பதிவும் ரிமோட் ஐடியும் உண்டு. அது தொல்லை என்றால், 80 சென்டிமீட்டர் இறக்கை, சின்ன மோட்டார், 450 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்று குறைத்தால் 220 கிராமில் முடிக்கலாம். அப்போது இரண்டும் வேண்டாம். மற்ற விதிகள் அப்படியேதான். ஒரே குறை, லேசான காற்றுக்கே ஆடும்.

பே ஏரியாவில் இருப்பவர்களுக்கு: சன்னிவேலும் மௌன்டன் வியூவும் மோஃபெட் விமானத் தளத்துக்குப் பக்கத்தில். சான் ஹோசேவில் நகர விமான நிலையம். வீட்டுப் பக்கத்துப் பூங்கா என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், முதலில் வான்பகுதி வரைபடத்தைப் பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் க்ரிஸி ஃபீல்டும் ஓஷன் பீச்சும் தேசியப் பூங்காத் துறையின் நிலம். அந்தத் துறை 2014இலிருந்து இதற்குத் தடை போட்டிருக்கிறது. மோர்கன் ஹில்லில் சான்டா க்ளாரா கவுன்ட்டியின் மாதிரி விமானப் பூங்கா இருக்கிறது. ஒரு முறை சும்மா பார்க்கவாவது போய் வாருங்கள். கோடையில் இங்கே மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்துவிடும், காலைதான் நமக்கு.

நியூ ஜெர்சியில்: சாண்டி ஹூக் கடற்கரையும் அதே தேசியப் பூங்காத் துறையின் நிலம்தான், அங்கே கூடாது. ஜெர்ஸி சிட்டி நூவர்க் விமான நிலையத்தின் நிழலில் இருக்கிறது. கோல்ட்ஸ் நெக்கில் டார்ப்ரூக் பூங்காவில் மாதிரி விமான மைதானம் உண்டு. நியூ ஜெர்சிக்காரர்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. ஹிண்டன்பர்க் வான்கப்பல் 1937 மே 6 அன்று எரிந்து விழுந்த லேக்ஹர்ஸ்ட் தளத்தின் மாபெரும் ஹேங்கருக்குள், பின்னாளில் ஆர்வலர்கள் சில கிராம் மட்டுமே எடையுள்ள ரப்பர் விமானங்களைப் பறக்க விட்டார்கள். நடக்கிற வேகத்தில், நிமிடக் கணக்கில். மெதுவாகப் பறப்பதை ஒரு கலையாகவே செய்தவர்கள் அவர்கள்.

டெக்சாஸில்: ஹூஸ்டனில் கேட்டி, சுகர் லேண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு ஜார்ஜ் புஷ் பார்க்கில் ஸ்கோபி மைதானம் இருக்கிறது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த தளபதி டிக் ஸ்கோபியின் பெயர். டாலஸ் பக்கம் அர்விங்கிலும் காப்பெல்லிலும் தலைக்கு மேலேயே டி.எஃப்.டபிள்யூ. விமானங்கள் இறங்கும், கவனம். இடம் ஏராளம், ஆனால் காற்று நம் விமானத்துக்குப் பகை. சூரியன் உதிக்கிற நேரத்தில் போங்கள். நம்மூர் ஆட்கள் கிரிக்கெட் ஆட வருவதற்குள் முடித்துவிடலாம்.

மைதானம் எது என்றாலும், நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிடுங்கள். ஏ.எம்.ஏ. என்ற மாதிரி விமான அமைப்பு 1936இலிருந்து இருக்கிறது. 19 வயதுக்குக் கீழ் இருந்தால் கட்டணமில்லாமல் சேரலாம். அதன் கிளப் மைதானங்களுக்குப் போனால், ஓய்வு பெற்ற தாத்தாக்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். கூச்சப்படாதீர்கள். அட்டை விமானத்தோடு ஒரு பிள்ளை வந்தால், கையில் பிடித்து எடை மையம் பார்த்துச் சொல்லத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

முதல் முறை பறக்க விடும்போது இரண்டு விஷயம் ஞாபகம் வையுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும்; அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். பயம் வந்தால் மோட்டாரைக் குறைத்து விரலை எடுங்கள். மெதுவான விமானம் பெரும்பாலும் உங்களைவிட நன்றாகவே பறக்கத் தெரிந்தது.

இதனால் என்ன பயன்?

கடைசியாக, நம் வீட்டுக் கேள்வி. "இதெல்லாம் காலேஜ் அப்ளிகேஷனுக்கு உதவுமா?"

உதவலாம். அஜித் குமாரைப் பாருங்கள் என்று நான் சொல்லலாம். ஆர்.சி. விமானம் விடுவது அவருக்குப் பல ஆண்டுப் பொழுதுபோக்கு. 2018இல் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா மாணவர் குழு அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. அந்தக் குழு அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த கல்லூரி அது. இந்த இரண்டு பெயரையும் சொன்னால் எந்தத் தமிழ் வீட்டிலும் அட்டை வாங்க அனுமதி கிடைத்துவிடும். தேவைப்பட்டால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு அந்தப் பதிலில் மனம் ஒப்பவில்லை. நாம் செய்கிற எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பையோ சான்றிதழோ இருக்கிறது. பரதநாட்டியத்துக்கு அரங்கேற்றம், ஸ்பெல்லிங்குக்குப் போட்டி, ரோபாட்டிக்ஸுக்கு டீம் ஜாக்கெட். எல்லாவற்றிலும் முதல் தடவையே சரியாக வர வேண்டும் என்ற பாரம். தப்பாக வந்தால் யாரும் திட்டாவிட்டாலும் நமக்கே வெட்கம். அதனால் நன்றாக வராது என்று தெரிந்த எதையும் நம்மில் பலர் தொடங்குவதே இல்லை.

அட்டை விமானத்துக்கு மதிப்பெண் கிடையாது. அது முதல் நாளே விழும். எல்லோருடையதும் விழும். விழுந்த இடத்தில் ஒட்டி, மறுபடி விட்டு, மறுபடி விழுந்து, ஐந்தாவது தடவை ஒரு முழு வட்டம் போட்டு உங்கள் தலைக்கு மேலே போகும். அதில் ஜெயித்தது தோற்றது என்று ஒன்றும் இல்லை. உடைந்ததைப் பார்த்துப் பதறாமல், "சரி, எங்கே உடைஞ்சுது?" என்று கேட்கிற பழக்கம் மட்டும் மிஞ்சும். பதினான்கு வயதில் அது கிடைப்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். மஸ்டாங்கைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் அதைப் பறக்க விடத் தெரிந்திருக்கும்.

இந்த வாரம் இரண்டு அட்டை, ஒரு கட்டு மூங்கில் குச்சி, ஒரு ரோல் டேப் வாங்கி வையுங்கள். மோட்டார் வருவதற்குள் இறக்கையும் வாலும் முடிந்துவிடும். மோட்டார் இல்லாமலே, மூக்கில் கொஞ்சம் சில்லறைக் காசு ஒட்டி எடை மையம் சரி செய்து, புல்வெளியில் கையால் வீசிப் பாருங்கள். நேராக, நிதானமாகச் சறுக்கி இறங்கினால் பாதி வேலை முடிந்தது. எங்கே விழுந்தது, எதை மாற்றினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். உடைந்த விமானத்தின் படங்களும் வரட்டும்.